அக்கா மகன் எந்த நாட்டு ஜெர்சி போடலாம்? ரக்பி தகுதி விதி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

சொல்தா பேரன் | புதுச்சேரி

வணக்கம். இங்கே கால்பந்தும் கிரிக்கெட்டும்தான் அதிகம் பேசுகிறோம். ரக்பி பற்றிக் கேட்க வேறு இடம் தெரியவில்லை, அதனால் இங்கேயே கேட்கிறேன்.

என் அக்கா மகனுக்கு 19 வயது. பிறந்தது நெல்லித்தோப்பில். எங்கள் தாத்தா சொல்தா, பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கியவர். அந்த வழியில் அக்கா வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. பையனுக்கு எட்டு வயதில் குடும்பத்தோடு பிரான்சின் தென்மேற்குப் பக்கம் போய்விட்டார்கள். நம்மூரில் சந்துக்குச் சந்து மட்டையும் ஸ்டம்பும் கிடப்பது மாதிரி அங்கே முட்டைப் பந்து. இவனும் பிடித்துக்கொண்டான். இப்போது ஒரு கிளப் அகாடமியில் விங், அதாவது ஓரத்தில் வேகமாக ஓடும் இடத்தில், ஆடுகிறான். பிரான்ஸ் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) பயிற்சி முகாமுக்குக் கூப்பிடுவார்கள் என்று பேச்சு இருக்கிறது.

போன ஞாயிறு வீடியோவில் கேட்டான்: "மாமா, ஒரு தடவை பிரான்ஸுக்கு ஆடிட்டா அப்புறம் இந்தியாவுக்கு ஆடவே முடியாதா?" பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்தார், நான் போனைப் பார்த்தேன். பதில் தெரியவில்லை. விதி என்ன, அவனுக்கு என்ன வழி இருக்கிறது, விவரமாகத் தெரிந்தவர்கள் எழுதினால் பெரிய உதவி.

மஞ்சக்குப்பம் மணி | கடலூர்

தம்பி, பையனுக்கு என் ஆசிகள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓடவிட்டவன் நான். செவன்ஸ் முகாம் என்றால் பையனுக்குக் காலில் வேகம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டுக்கு ஆடினால் ஆடினதுதான். இன்னொரு நாட்டுக் கொடியின் கீழே போய் நிற்பது எனக்கு ஒப்பவில்லை. தாத்தா பாட்டி பிறந்த நாட்டுக்கும் ஆடலாம் என்று ரக்பியில் ஒரு வழி உண்டு, அதை எப்படியெல்லாம் வளைத்தார்கள் என்று பாருங்கள். 2000ஆம் வருஷம் வேல்ஸ் அணியில் இரண்டு பேர் மாட்டினார்கள், ஷேன் ஹோவர்த், பிரெட் சின்கின்சன். ஹோவர்த் அதற்கு முன்னால் நியூசிலாந்துக்கு நான்கு டெஸ்ட் ஆடியவர். தாத்தா பாட்டி வேல்ஸில் பிறந்தவர்கள் என்று சொல்லித்தான் இருவரும் அணிக்குள் வந்தார்கள், விசாரித்தால் அப்படி இல்லை. அதே சமயம் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹில்டனும் சிக்கினார். அவர் தாத்தா பிறந்தது இங்கிலாந்தின் பிரிஸ்டலில். பிறப்புச் சான்றிதழை முன்னாடியே ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை.

விதியைத் தளர்த்தினால் இதெல்லாம் நடக்கும். அதனால்தான் சொல்கிறேன்.

லாஸ்பேட்டை லைன்அவுட் | புதுச்சேரி

அண்ணா, நான் கல்லூரி அணியில் ஹூக்கர் ஆடியவன், இந்த விதியை நிறைய தடவை படித்திருக்கிறேன். ரக்பியை நடத்தும் சர்வதேச அமைப்பான உலக ரக்பியின் ஒழுங்குமுறைகளில் எட்டாவது விதி இது. ஒரு நாட்டுக்கு ஆட இவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும்: அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியில் ஒருவர் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தொடர்ந்து 60 மாதம் அந்த நாட்டுச் சங்கத்தில் மட்டுமே பதிவு பெற்ற வீரராக இருந்திருக்க வேண்டும், அல்லது விட்டு விட்டாவது மொத்தம் பத்து வருடம் வாழ்ந்திருக்க வேண்டும். இந்த 60 மாதம் முன்பு 36 மாதக் குடியிருப்பாக இருந்தது. மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டுக் கூட்டிவந்து நான்காம் வருடம் தேசிய ஜெர்சி மாட்டுகிறார்கள் என்று விமர்சனம் எழுந்ததால் 2017இல் ஐந்து வருடமாக்க முடிவு செய்தார்கள். கொரோனாவால் தள்ளிப்போய் 2022 ஜனவரியிலிருந்துதான் முழுதாக நடைமுறைக்கு வந்தது.

உங்கள் மருமகன் இந்தியாவில் பிறந்தவர், ஆக இந்தியாவுக்குத் தகுதி ஆயுள் முழுக்க உண்டு. பிரான்சில் 11 வருடம் இருக்கிறார், அந்தத் தகுதியும் வந்துவிட்டது. தாத்தா பிறந்தபோது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததா என்ற சிக்கலுக்குள் போகவே தேவையில்லை.

அடுத்தது எந்த ஆட்டம் அவரை ஒரே நாட்டோடு கட்டிப்போடும் என்பது. இதில் கவனமாக இருங்கள். மூத்தோர், அதாவது சீனியர், 15 பேர் தேசிய அணிக்கு ஆடினால் கட்டு விழும். அதற்கு அடுத்த அணி என்று சங்கம் அறிவித்திருக்கும் அணிக்கு ஆடினாலும் விழும். முன்பெல்லாம் சில நாடுகள் 20 வயதுக்குட்பட்டோர் அணியையே அந்த அடுத்த அணியாக அறிவித்து வைத்திருந்தன. 2012இல் ஸ்டீவன் ஷிங்லரை ஸ்காட்லாந்து எடுத்தது, அவர் அம்மா ஸ்காட்லாந்துக்காரர். ஆனால் அதற்கு முந்தைய வருடம் வேல்ஸின் இளையோர் அணிக்குப் பிரான்ஸ் இளையோரை எதிர்த்து ஆடியிருந்தார். அந்த ஒரு ஆட்டத்தால் அவர் வேல்ஸுக்கே கட்டுப்பட்டவர் என்று தீர்ப்பாகிவிட்டது. 2018 ஜனவரியிலிருந்து 20 வயதுக்குட்பட்டோர் அணியை அப்படி அறிவிக்கக் கூடாது.

செவன்ஸில் வயதுதான் கணக்கு. மூத்தோர் செவன்ஸ் அணிக்கு ஆடும் நாளில் 20 வயது முடிந்திருந்தால் கட்டு. ஒலிம்பிக், செவன்ஸ் உலகக் கோப்பை என்றால் மேஜர் ஆகியிருந்தாலே கட்டு. முகாமுக்குப் போவதால் எதுவும் ஆகாது, ஆட்டத்தில் இறங்கினால்தான். அவருக்கு 20 எப்போது?

சொல்தா பேரன்

தம்பி, இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை, நன்றி. பிறந்தநாள் மாசி மாதம். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. ஷிங்லர் கதையைப் படித்ததும் கை சில்லிட்டுவிட்டது. ஒரே ஒரு ஆட்டம்!

மணி அண்ணே, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவன் ஏமாற்றிப் போக நினைக்கவில்லை, இரண்டு ஊரும் அவனுடையது என்பதால் கேட்கிறான்.

துலூஸ் தமிழ் | பிரான்ஸ்

எனக்குச் சொந்த ஊர் காரைக்கால், 18 வருடமாக இங்கே இருக்கிறேன். சனிக்கிழமை மைதானத்துக்குப் போகாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

கட்டு விழுந்தாலும் இப்போது அது ஆயுள் கட்டு இல்லை. 2021 நவம்பரில் உலக ரக்பி கவுன்சில் விதியை மாற்றியது, 2022 ஜனவரி 1இலிருந்து நடைமுறை. கடைசியாக அந்த நாட்டுக்கு ஆடிய நாளிலிருந்து மூன்று வருடம் எந்த நாட்டுக்கும் ஆடாமல் காத்திருந்தால், தான் பிறந்த நாட்டுக்கோ, பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி பிறந்த நாட்டுக்கோ மாறலாம். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். குடியிருப்புக் கணக்கைக் காட்டி மாற முடியாது, ரத்த வழியோ பிறந்த மண்ணோ வேண்டும். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் குழு பார்த்துத்தான் அனுமதிக்கும்.

மணி அண்ணனுக்கு ஒன்று சொல்கிறேன். சார்ல்ஸ் பியுடாவ் என்று ஒரு வீரர், இவரை மாதிரி கால் வித்தை உள்ளவரை நான் நேரில் பார்த்தது குறைவு. நியூசிலாந்து தேசிய அணியான ஆல் பிளாக்ஸுக்கு 17 டெஸ்ட் ஆடினார், 2015இல் கடைசி. பிறகு ஐரோப்பாவுக்கு வந்துவிட்டார். வெளிநாட்டில் ஆடுபவரை நியூசிலாந்து எடுக்காது. பெற்றோர் வழியில் அவர் டோங்காக்காரர். அண்ணன் சியாலே பியுடாவ் 2019 உலகக் கோப்பையில் டோங்காவின் கேப்டன். அண்ணன் தலைமையில் தம்பி ஆட விதி விடவில்லை. தம்பிக்குக் கதவு திறந்தது 2022இல், அதற்குள் அண்ணன் சர்வதேச ஆட்டத்தை விட்டுவிட்டார். இதில் யார் யாரை ஏமாற்றினார்கள், அண்ணே?

டோங்கா, சமோவா ஜனத்தொகையைப் பாருங்கள். டோங்கா முழுவதும் சேர்த்தால் சுமார் ஒரு லட்சம் பேர். நம் புதுச்சேரியில் இரண்டு மூன்று தொகுதி சேர்த்தால் அவ்வளவு வந்துவிடும். அந்தச் சின்னத் தீவுகளின் பிள்ளைகள்தான் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, வேல்ஸ் அணிகளை நிரப்புகிறார்கள். டவுலுபே ஃபலெடாவ் டோங்காவில் பிறந்தவர், அப்பா 1999 உலகக் கோப்பையில் டோங்காவுக்கு ஆடியவர், மகன் வேல்ஸ். பில்லி, மாகோ வுனிபோலாவின் அப்பா டோங்காவின் கேப்டன், பிள்ளைகள் இங்கிலாந்து. மனு துய்லாகியின் அண்ணன்கள் சமோவாவுக்கு ஆடினார்கள், இவர் இங்கிலாந்துக்கு. தாயகத்துக்கு ஒரு தடவை திரும்பலாம் என்ற இந்த விதி அந்த ஊர்களுக்கு வந்த முதல் நியாயம்.

கறுப்பு அங்கி | கடலூர்

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். மணி சார், நீங்கள் ஹோவர்த் கதையைச் சொன்னீர்கள். அங்கே தவறு மாறியதிலா, பொய்ச் சான்றிலா? இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கிரிக்கெட்டில் பெரிய பட்டோடி 1932இல் இங்கிலாந்துக்கு ஆடி முதல் டெஸ்டிலேயே சதமடித்தார், 1946இல் இந்தியாவின் கேப்டனாக அதே இங்கிலாந்துக்குப் போனார். அவரைத் துரோகி என்று நம் வீடுகளில் யாரும் சொல்லவில்லை.

பொய்ச் சான்றுக்கு ரக்பி கொடுக்கும் தண்டனை சாதாரணமானது இல்லை. ஸ்பெயின் 2023 உலகக் கோப்பைக்கு ஆடித் தகுதி பெற்றது. பிறகு தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஒரு வீரர் குடியிருப்புக் காலத்தை நிறைவு செய்யவில்லை, பாஸ்போர்ட் நகலைத் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள் என்று வெளியே வந்தது. பத்துப் புள்ளி கழித்தார்கள், ஸ்பெயின் வெளியே, ருமேனியா உள்ளே. அதற்கு முந்தைய தடவை ஸ்பெயின், ருமேனியா, பெல்ஜியம் மூன்றும் தகுதியில்லாதவர்களை இறக்கியதாகப் புள்ளி இழந்தன. ஸ்பெயினில் இருவர் முன்பே பிரான்ஸ் இளையோர் அணிக்கு ஆடியவர்கள். ருமேனியாவில் ஒருவர் டோங்கா செவன்ஸுக்கு ஆடியிருந்தார். கடைசியில் ரஷ்யா போய் 2019 டோக்கியோவில் முதல் ஆட்டம் ஆடியது. ஒருவருடைய காகிதம் சரியில்லை என்பதற்காக ஒரு நாட்டுப் பிள்ளைகள் எல்லோருடைய நான்கு வருட உழைப்பும் போகிறது. ஆகவே சொல்தா பேரன் சார், பையன் பிறப்புச் சான்று, பிரான்சில் குடியேறிய தேதி, பள்ளிப் பதிவு, எல்லாவற்றையும் இப்போதே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

இனி வருத்தமான விஷயம். உலக ரக்பியின் பொதுவான தகுதி விதி பாஸ்போர்ட் கேட்பதில்லை, ஆனால் இந்தியாவில் கேட்கிறார்கள். 2008 கடைசியில் மத்திய அரசு எடுத்த முடிவுப்படி இந்திய பாஸ்போர்ட் உள்ளவர் மட்டுமே தேசிய அணியில் இடம்பெற முடியும். வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை, நாம் ஓசிஐ என்று சொல்வது, அதற்குப் போதாது. இரட்டைக் குடியுரிமையை நம் சட்டம் ஏற்பதில்லை. உங்கள் மருமகன் இந்தியாவுக்கு ஆட வேண்டுமானால் பிரெஞ்சுக் குடியுரிமையை விட்டு இந்தியக் குடியுரிமை வாங்க வேண்டும். ஜப்பானில் பிறந்த கால்பந்து வீரர் அராட்டா இசுமி அப்படித்தான் ஜப்பான் குடியுரிமையை விட்டுவிட்டு 2013இல் இந்தியாவுக்கு ஆடினார். ஒலிம்பிக் என்றால் ஒலிம்பிக் சாசனமே அந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும் என்கிறது.

லாஸ்பேட்டை லைன்அவுட்

மேடம் சொன்னது சரி. நான் விளையாட்டு விதியை மட்டும் பார்த்தேன், நாட்டு விதியை விட்டுவிட்டேன். மன்னியுங்கள் அண்ணா.

எனக்கு ஆறவே இல்லை. 2025இல் மும்பையில் ரக்பி பிரீமியர் லீக் நடந்தது, சென்னை புல்ஸ் கோப்பையை வென்றது. உலக வீரர்களோடு நம் பிள்ளைகள் ஒரே அணியில் ஓடியதைப் பார்த்து நான் தூங்கவில்லை. இப்படி விங்கில் ஓடத் தெரிந்த, இந்த மண்ணில் பிறந்த பையன் வேண்டாமா நமக்கு? இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வருடா வருடம் ஆடும் கல்கத்தா கோப்பை நம் ரூபாய் வெள்ளியை உருக்கிச் செய்தது. கல்கத்தா கிளப் கலைந்தபோது வங்கியில் மிச்சமிருந்த பணத்தை எடுத்து 1878இல் கோப்பையாக அடித்தார்கள். 2024இல் அந்தக் கோப்பைக்காக ஸ்காட்லாந்து பக்கம் மூன்று டிரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) போட்டவர் துஹான் வான் டெர் மெர்வா. பிறந்தது தென்னாப்பிரிக்கா, குடியிருப்பு வழியில் ஸ்காட்லாந்துக்காரர். அதே ஸ்காட்லாந்துக்கு ஆடும் ஜாக் டெம்ப்சி 2019 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவுக்கு ஆடியவர், தாத்தா வழியில் 2022இல் மாறினார். உலகம் முழுக்க இப்படி.

மஞ்சக்குப்பம் மணி

வக்கீல் அம்மா, பட்டோடியைச் சொல்லி என் வாயை அடைத்துவிட்டீர்கள். பியுடாவ் அண்ணன் தம்பி கதையையும் இரண்டு தடவை படித்தேன். அந்த இடத்தில் நான் சொன்னது தப்பு. திரும்பி வருகிறவனை மறிக்கக் கூடாது.

ஆனால் ஒரு கவலை மிச்சமிருக்கிறது. இந்த விதியால் டோங்காவுக்கும் சமோவாவுக்கும் போனவர்கள் யார்? ஃபெகிடோவா, ஃபொலாவ், லுவாட்டுவா, ஃபௌமுயினா. பெரிய நாடு பயன்படுத்தி முடித்த பிறகு வந்தவர்கள், முப்பதைத் தாண்டியவர்கள் அல்லது தொட்டவர்கள். அங்கேயே இருந்து சம்பளம் குறைவாக வாங்கிக்கொண்டு ஆடிய உள்ளூர்ப் பையன் உலகக் கோப்பை நேரத்தில் வெளியே உட்காருகிறான். என் பள்ளியிலும் இதைப் பார்த்திருக்கிறேன். வருஷம் பூரா மைதானத்தில் கிடந்த பிள்ளையை விட்டுவிட்டு மாவட்டப் போட்டிக்கு நான்கு நாள் முன்னால் வெளியூரிலிருந்து ஒருத்தனைச் சேர்ப்பார்கள். அந்தப் பிள்ளை அழுததை நான் மறக்கவில்லை.

துலூஸ் தமிழ்

அண்ணே, அந்தப் பிள்ளைக்காகத்தான் மூன்று வருடக் காத்திருப்பு. நான்கு நாள் முன்னால் வந்து சேர முடியாது. மூன்று வருடம் என்பது ரக்பி வீரனுக்கு மிகப் பெரிய விலை, பத்து வருடம் ஆடினாலே அதிர்ஷ்டம் என்கிற ஆட்டம் இது. அதைக் கொடுத்துவிட்டு வருகிறவனுக்கு ஊர்மேல் பிடிப்பு இருக்கிறது. நீங்கள் சொல்லும் வயதுப் பிரச்சினையும் உண்மைதான். மூன்றை இரண்டாகக் குறைத்தால் 27, 28 வயதிலேயே வருவார்கள், உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவும் காலம் இருக்கும் என்பது என் கருத்து.

பிரான்ஸ் பற்றி ஒன்று. 2016 டிசம்பரில் இங்கே சங்கத் தலைவராக வந்த பெர்னார் லாபோர்ட், பிரெஞ்சு பாஸ்போர்ட் இல்லாதவரைத் தேசிய அணிக்கு எடுக்க மாட்டோம் என்று அறிவித்தார். துலூஸின் இம்மானுவல் மேயாஃபு நியூசிலாந்தில் பிறந்தவர், ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 2023 கடைசியில் குடியுரிமை வந்த பிறகுதான் 2024இல் பிரான்ஸுக்கு ஆடினார். ஆக உலக விதிக்கு மேல் நாடு தன் விதியை வைப்பது இந்தியா மட்டும் செய்வதில்லை. உங்கள் மருமகனிடம் அந்த பாஸ்போர்ட் இருக்கிறது, கவலையில்லை.

வைசியாள் வீதி 1948 | புதுச்சேரி

இந்த விளையாட்டு எனக்குத் தெரியாது. பேரன் காட்டினான், முழுவதும் வாசித்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

1962 ஆகஸ்ட் 16, புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாள். எனக்கு 14 வயது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் எல்லோரும் அன்றைக்கு இந்தியர் ஆனோம். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரே முற்றம், இரண்டு அடுப்பு. பெரியப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. ஆறு மாதமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அதே பேச்சுதான். ஒரு நாள் கை நீளும் அளவுக்குச் சண்டை, மறுநாள் இருவரும் சேர்ந்து கடற்கரைக்கு நடந்து போனார்கள். 1963 பிப்ரவரியோடு காலம் முடிந்தது. அந்தக் கோடைக்கே அப்பா மனசு மாறினார். யாரைக் கேட்டும் வழி இல்லை. பெரியப்பா பிள்ளைகள் இன்றைக்கு பாரிஸ் பக்கம், நாங்கள் இங்கே. நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்கிறோம், அன்பில் குறைவில்லை. ஆனால் அப்பா கடைசிவரை அந்தத் தேதியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று வருடம் காத்திருந்தால் ஒரு தடவை திரும்பலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு தடவை பெரிய விஷயம். பையனைப் பயப்படாமல் ஆடச் சொல்லுங்கள்.

கறுப்பு அங்கி

ஐயா, வணங்குகிறேன். அந்த ஆறு மாதத்தை நான் சட்டப் புத்தகத்தில் மட்டுமே படித்திருக்கிறேன்.

சொல்தா பேரன்

வைசியாள் வீதி ஐயா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நம் வீட்டிலும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். தாத்தா எழுதிக் கொடுத்தது எனக்குத் தெரியும். தாத்தாவின் தம்பி கொடுக்கவில்லை என்பது இத்தனை வருடத்தில் எனக்கு யாரும் சொல்லாத செய்தி.

இன்று காலை மருமகனிடம் ஒரு மணி நேரம் பேசினேன். நீங்கள் எல்லோரும் எழுதியதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாசிக்கு முன்னால் சாதாரணப் போட்டியில் இறக்கினால் கட்டு இல்லை, பிறகு இறங்கினால் கட்டு, கட்டு விழுந்தாலும் பிறந்த மண் என்பதால் மூன்று வருடம் காத்திருந்து ஒரு தடவை மாறலாம். உலக ரக்பி பக்கம் வழி இருக்கிறது. இந்தப் பக்கம் பாஸ்போர்ட். அதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப அம்மா அப்பா இங்க, நான் மட்டும் விசா எடுத்துட்டு வரணுமா மாமா?" என்று கேட்டான். ஆமாம் என்றுதான் சொல்ல முடிந்தது. 19 வயதுப் பிள்ளைக்கு வரவேண்டிய கேள்வி இல்லை இது. இங்கே பிறந்தவனுக்காவது, விளையாட்டுக்காவது, அந்த அட்டையைப் போதும் என்று ஏற்கலாம். இந்த எண்ணத்தை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

முகாமுக்குப் போகிறான். கூப்பிட்டால் பிரான்ஸுக்கு ஆடுவான், முழு மனசோடு ஆடுவான். பியுடாவ் பெயரைச் சொன்னதும் அவனுக்குத் தெரிந்திருந்தது, அந்த அண்ணன் தம்பி விஷயம் தெரியவில்லை.

கறுப்பு அங்கி மேடம், கோப்பு தயார். பிறப்புச் சான்றின் பழைய நகலில் அக்கா பெயரில் ஓர் எழுத்து தவறாக இருக்கிறது, நாளை நகராட்சியில் திருத்த விண்ணப்பம் கொடுக்கிறேன்.

ஜூலையில் ஒரு மாதம் வருகிறான். லாஸ்பேட்டை தம்பி, உங்கள் பிள்ளைகள் எந்த மைதானத்தில், எத்தனை மணிக்கு ஆடுகிறார்கள்? மணி அண்ணே, கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான், நீங்களும் வந்து அவன் ஓடுவதைப் பாருங்கள்.

லாஸ்பேட்டை லைன்அவுட்

ஹெலிபேட் மைதானம் அண்ணா, காலை ஐந்தே முக்கால். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம். எங்களுக்கு விங்கில் ஆள் இல்லை.

மஞ்சக்குப்பம் மணி

முதல் பஸ்ஸில் வருகிறேன். எந்த ஞாயிறு என்று மட்டும் சொல்லுங்கள்.